ஓர் ஆம்லெட், இரண்டு மெட்டு, பாதிப் பரிசு

ஒரு வாசகரின் கேள்வி: “பிரெஞ்சு இசையமைப்பாளர் பிஸேயின் ‘டாக்டர் மிராக்கிள்’ என்ற ஓரங்க ஆபரெட்டாவை, அதாவது லேசான நகைச்சுவை இசைநாடகத்தை, இங்கே ஆளாளுக்குப் புகழ்கிறீர்கள். பதினெட்டு வயதுப் பையன் போட்டிக்கு எழுதிக் கொடுத்த வீட்டுப்பாடம் அது. அந்தப் பரிசு முழுவதும் அதே போட்டியில் கலந்துகொண்ட லெகோக்குக்குப் போயிருக்க வேண்டும். பிஸேயின் ஆசிரியர் செல்வாக்கில் பாதி கைமாறிவிட்டது. மறுப்பவர் யாராவது உண்டா?”

பிப்ரவரி 4, இரவு

உண்டு. நான்.

வீட்டுப்பாடம் என்கிறீர்கள். அந்தப் பையன் பதினேழு வயதிலேயே ஒரு முழு சிம்பொனி எழுதிப் பெட்டியில் போட்டுவிட்டவன். அதை 1935 வரை யாரும் வாசிக்கவில்லை. இன்று உலகம் முழுவதும் வாசிக்கிறார்கள். அவன் பதினெட்டில் எழுதியதை வயதைச் சொல்லித் தள்ளிவிட முடியாது.

முதலில் கதையைச் சொல்லிவிடுகிறேன். பலர் தலைப்பை மட்டும் வைத்துக்கொண்டு பேசுகிறார்கள்.

இடம் இத்தாலியின் பதுவா நகரம். அங்கே ஒரு பொதெஸ்தா, அதாவது நகர அதிகாரி. அவர் மனைவி வெரோனிக், மகள் லொரெத். மகள் மேல் காதல் கொண்ட இராணுவக் கேப்டன் சில்வியோ. பொதெஸ்தாவுக்கு இராணுவக்காரன் என்றாலே ஆகாது. தெருவில் டாக்டர் மிராக்கிள் என்ற போலி வைத்தியர் கூவுகிற சத்தத்தில் காலை விடிகிறது. பிறகு பஸ்கேன் என்ற புது வேலைக்காரன் வந்து சேர்கிறான். சமையல் உட்பட எல்லாம் தெரியும் என்கிறான். ஆம்லெட் போடுகிறான். வாயில் வைக்க முடியவில்லை. அவன்தான் சில்வியோ என்பது தெரிந்து பொதெஸ்தா விரட்டிவிட, சற்று நேரத்தில் ஒரு கடிதம் வருகிறது: நீங்கள் சாப்பிட்டது நஞ்சு. அலறி அடித்துக்கொண்டு டாக்டர் மிராக்கிளைக் கூப்பிடுகிறார்கள். அவர் வருகிறார், லத்தீன் மாதிரி ஏதோ பேசுகிறார், பிழைக்க வைக்கக் கூலியாக மகளைக் கேட்கிறார். பொதெஸ்தா கையெழுத்துப் போட்டதும் சில்வியோவின் வேஷம் கலைகிறது.

அவ்வளவுதான். நாலு பேர், ஓர் அங்கம், நடுவில் ஒரு முட்டைப் பண்டம். இதில் இசையமைப்பாளன் என்ன செய்ய முடியுமோ அதற்கு மேல் பிஸே செய்திருக்கிறார். நாளை எழுதுகிறேன்.

பிப்ரவரி 6

நாளை என்றது நேற்றோடு போய்விட்டது. மன்னிக்கவும், கணக்கு முடிக்கும் வாரம்.

போட்டியைப் பற்றி. 1856 ஜூலையில், பாரிஸில் சின்ன அரங்கு ஒன்றை நடத்திவந்த இசையமைப்பாளர் ஒஃபன்பாக், ‘ஃபிகாரோ’ இதழில் ஒரு நீண்ட கட்டுரை எழுதினார். பிரெஞ்சு நகைச்சுவை இசைநாடகம் பதினெட்டாம் நூற்றாண்டில் எவ்வளவு லேசாக இருந்தது, பிறகு எப்படி வீங்கிப்போய்ப் பெரிய ஆபராவின் நகலாக மாறியது என்பது அவர் புலம்பல். புலம்பலோடு நிற்காமல், மேடை கிடைக்காத இளம் இசையமைப்பாளர்களுக்கு ஒரு போட்டியும் அறிவித்தார். 78 பேர் விண்ணப்பித்தார்கள். வடிகட்டியதில் மிஞ்சிய சிலரிடம் ஒரே நாடகப் பிரதியைக் கொடுத்து, எல்லோரும் இதற்கே இசை போடுங்கள் என்றார்கள். அந்தப் பிரதிதான் ‘டாக்டர் மிராக்கிள்’. எழுதியவர்கள் லுதோவிக் அலெவியும் லேயோன் பத்துவும். (பத்து என்பது எண்ணிக்கை அல்ல, ஆசிரியர் பெயர். முன்பு ஒரு தடவை இதை எழுதியபோது, மற்ற ஒன்பது பேர் யார் என்று ஒருவர் உண்மையாகவே கேட்டார்.)

நடுவர் குழுவைப் பாருங்கள்: இசையமைப்பாளர்கள் ஓபேர், ஃப்ரொமந்தால் அலெவி, அம்ப்ருவாஸ் தொமா, குனோ, நாடக ஆசிரியர் ஸ்க்ரீப். அந்தக் காலப் பாரிஸில் இதற்கு மேல் ஒரு குழு கூட்ட முடியாது. இவ்வளவு பேர் உட்கார்ந்து பிஸே, லெகோக் இருவருக்கும் பரிசைப் பங்கிட்டார்கள். 1,200 ஃபிராங்கு, இரண்டாகப் பிரித்தால் ஆளுக்கு 600. 1857 ஏப்ரல் 8ஆம் தேதி லெகோக்கின் மிராக்கிள், 9ஆம் தேதி பிஸேயின் மிராக்கிள். அரங்கு ஒஃபன்பாக்கின் பூஃப்-பரிஸியேன்.

ஒரே கதை, ஒரே பாட்டு வரிகள், இரண்டு இசை. இப்படி ஒரு சோதனைச்சாலை இசை வரலாற்றில் அடிக்கடி வாய்ப்பதில்லை.

பிப்ரவரி 6, சற்றுக் கழித்து

ஆம்லெட் நால்வர் பாட்டைக் கேட்காதவர்கள் இந்த விவாதத்தில் வாய் திறக்கக்கூடாது என்று எழுதி அழித்துவிட்டேன். மீண்டும் எழுதுகிறேன்: வாய் திறக்கக்கூடாது.

பிப்ரவரி 9

சரி, ஆம்லெட். நான் இதைத் தட்டின் பக்கத்திலிருந்து அறிந்தவன் என்பதால் கொஞ்சம் விரிவாகச் சொல்ல உரிமை இருக்கிறது.

சில ஆண்டுகளுக்கு முன் பாரிஸுக்கு வெளியே ஒரு நகராட்சி அரங்கில், அமெச்சூர் பாடகர் குழு ஒன்று இதை மேடையேற்றியது. பியானோ மட்டும், ஆர்கெஸ்ட்ரா கிடையாது. எனக்குப் பாடத் தெரியாது. பிரெஞ்சும் சமையலும் தெரியும். அதனால் மேடைப் பொருட்களுக்குப் பொறுப்பு, அதாவது ஆம்லெட்டுக்குப் பொறுப்பு.

வேடிக்கையாகத் தெரியலாம். முதல் ஒத்திகையில் உண்மையான ஆம்லெட் கொண்டுபோனேன், மூன்று முட்டை, வெண்ணெயில் போட்டது. டெனர், அதாவது உச்சக் குரல் ஆண் பாடகர், ஒரு வாய் வைத்தார். அடுத்த வரி அவருடையது. வரவில்லை. முட்டை தொண்டையில் ஒட்டிக்கொள்ளும் பண்டம். அதை விழுங்கி ஒரு சுரத்தைப் பிடிப்பதற்குள் பியானோ இரண்டு வரி தாண்டிப் போய்விடுகிறது. இரண்டாம் ஒத்திகைக்கு மஞ்சள் ஸ்பாஞ்சை வெட்டி மடித்துக் கொண்டுபோனேன். தட்டைத் தூக்கினால் ஸ்பாஞ்ச் துள்ளுகிறது. மூன்றாவதற்கு வெறும் கேக்கை மெல்லியதாக வெட்டி, மேலே மஞ்சள்தூளைப் பாலில் குழைத்துத் தடவினேன். பார்வைக்கு அசல் ஆம்லெட். நாலாவது வரிசையிலிருந்து பார்த்த இயக்குநர் கைதட்டினார்.

மஞ்சளைப் பற்றி அவருக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிந்திருக்க வேண்டும், புதுச்சேரியில் பிறந்தவன். முதல் நாள் காட்சியில் வெரோனிக்காக நடித்த அம்மையாரின் வெள்ளைச் சரிகைக் கைமுனையில் ஐந்து விரலும் பதிந்துவிட்டன. வாடகைக்கு எடுத்த உடை. அந்தக் கடைக்காரரிடம் அது போகாது என்று விளக்க எனக்கு அரை மணி நேரம் ஆனது. போகும் என்று அவர் நம்பியதற்கும் சேர்த்து நான்தான் பணம் கொடுத்தேன்.

இதையெல்லாம் சொல்வது ஏனென்றால், இருபது ஒத்திகை அந்தப் பாட்டுக்குப் பக்கத்திலேயே நின்றிருக்கிறேன். தட்டு உள்ளே வரும்போது நான்கு குரல்களும் ஏதோ முடிசூட்டு விழாவுக்குக் கூடியது போல எழும். வருவது ஆம்லெட். பெரிய ஆபராவில் பூசாரிகள் ஊர்வலம் வரும்போது என்ன கம்பீரம் இருக்குமோ அதே கம்பீரம். பிஸே எங்கேயும் கண்ணடிப்பதில்லை. இசை தன் முகத்தைச் சுளிக்காமல் வைத்துக்கொள்கிறது, அதனால்தான் சிரிப்பு வருகிறது. சிரிக்கச் சிரிக்கப் பாடினால் இந்தப் பாட்டு செத்துவிடும். எங்கள் பொதெஸ்தா முதல் மாதம் முழுவதும் கண்ணை உருட்டிக்கொண்டே பாடினார், ஒரு சிரிப்பும் வரவில்லை. ஒரு நாள் அவருக்குக் காய்ச்சல், சோர்வாக நின்று நேராகப் பாடினார். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம்.

பதினெட்டு வயதில் இந்த அடக்கம் எங்கிருந்து வந்தது என்று, கேள்வி கேட்டவர் பதில் சொல்ல முடியுமா?

பிப்ரவரி 10

பதில் வந்தது: “இத்தாலிய ஆபரா இசையமைப்பாளர் ரொசினியிடமிருந்து.” சரியான பதில். மறுக்கவில்லை. முன்னிசையை முதல் தடவை கேட்பவர்களே சொல்லிவிடுவார்கள். பரிசு வென்ற பிறகு ஒஃபன்பாக் வீட்டு வெள்ளிக்கிழமை விருந்துகளுக்குப் பிஸேவுக்கு அழைப்பு வந்தது. அங்கே வயதான ரொசினியைச் சந்தித்தார், கையெழுத்திட்ட புகைப்படம் ஒன்றும் பெற்றார். 600 ஃபிராங்கை விட அந்தப் படம் பெரிய பரிசாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 15

இப்போது செல்வாக்குக் குற்றச்சாட்டு. தவிர்க்கப் பார்த்தேன், விடமாட்டேன் என்கிறீர்கள்.

பிற்காலத்தில் லெகோக்கே இதைச் சொன்னார்: ஃப்ரொமந்தால் அலெவி தன் மாணவன் பிஸேவுக்காக நடுவர்களை நெருக்கினார், இல்லாவிட்டால் பரிசு தனக்கே முழுதாக வந்திருக்கும் என்று. சந்தேகத்துக்கு இடமிருப்பது உண்மை. நடுவர் அலெவி பிஸேயின் ஆசிரியர். பாட்டு எழுதிய லுதோவிக் அலெவி அந்த நடுவரின் தம்பி மகன். இன்னொரு நடுவர் குனோ பிஸேயை வளர்த்துவிட்டவர்களில் ஒருவர். நம் ஊராயிருந்தால் முடிவு வரும் முன்பே டீக்கடையில் முடிவைச் சொல்லியிருப்பார்கள்.

ஆனால் இசையைக் கேட்டால் செல்வாக்கு தேவைப்பட்டிருக்காது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. லெகோக் தோற்ற வருத்தத்தில் பேசியிருக்கிறார்.

பிப்ரவரி 16

மேலே ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். லெகோக்கும் அதே அலெவியின் மாணவர்தான். பாரிஸ் கான்சர்வடோரி என்ற இசைக் கல்லூரியில் பஸேனிடம் ஹார்மனி, அலெவியிடம் இசையமைப்பு, பெனுவாவிடம் ஆர்கன்.

ஆக, ஆசிரியர் தன் மாணவனுக்குப் பரிந்து பேசினார் என்ற வாதம் அப்படியே நிற்காது. தன் இரண்டு மாணவர்களில் ஒருவனுக்குப் பரிந்து பேசினார் என்று வேண்டுமானால் சொல்லலாம். அது முன்னதை விட வலிக்கும், அதையும் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொரு திருத்தம்: “தோற்ற வருத்தம்” என்று எழுதினேன். அவர் தோற்கவில்லை, வென்றார். பாதி.

பிப்ரவரி 22

ஒரு வாரமாக அந்தப் “பாதி” என்னை விடவில்லை.

எட்டாம் வகுப்பில் பேச்சுப் போட்டியில் எனக்கும் இன்னொரு பையனுக்கும் முதல் பரிசைப் பங்கிட்டார்கள். கோப்பை ஒன்றுதான். ஆறு மாதம் அவன் வீட்டில், ஆறு மாதம் என் வீட்டில் என்று ஏற்பாடு. முதல் ஆறு மாதம் அவன் வீட்டில் இருந்தது. இரண்டாவது ஆறு மாதம் இன்னும் தொடங்கவில்லை. எனக்கு இப்போது ஐம்பத்திரண்டு வயது. அந்தப் பையனின் பேச்சு என் பேச்சை விட மோசம் என்று இன்றும் சத்தியம் செய்வேன், அவன் என்ன பேசினான் என்று ஒரு வாக்கியம்கூட நினைவில்லை.

லெகோக்கை “வருத்தத்தில் பேசியவர்” என்று தள்ளிவிட்ட நான், அந்தக் கோப்பையைப் பற்றி மனைவியிடம் வருடத்துக்கு ஒரு தடவை பேசுகிறவன்.

பிப்ரவரி 23

லெகோக் பற்றிக் கொஞ்சம். பிஸே வாழ்க்கை எல்லோருக்கும் தெரியும், இவருடையது தெரியாது.

பிறப்பு 1832, பாரிஸ். சிறுவயதில் இடுப்பில் வந்த நோய், வாழ்நாள் முழுவதும் ஊன்றுகோல். 1849இல் கான்சர்வடோரியில் சேர்ந்தார். அங்கே இசையமைப்பாளர் சேன்-சான்ஸ் சக மாணவர், கடைசி வரை நண்பர். படிப்பை முடிக்கவில்லை. வீட்டுக்குப் பணம் வேண்டும், 1854இல் வெளியேறி வேலைக்குப் போனார். ரோமுக்கு அனுப்பும் அரசுப் பரிசுக்குப் போட்டியிடும் வழி அவருக்கு இருக்கவில்லை. பிஸேயின் 1857 எப்படி ஓடியது பாருங்கள்: ஏப்ரலில் ஒஃபன்பாக் பரிசு, அதே ஆண்டில் ரோம் பரிசு, ஆண்டு முடிவதற்குள் இத்தாலிப் பயணம். லெகோக்கின் 1857இல் ஏப்ரல் மட்டும்தான். அதிலும் பாதி.

அதற்குப் பிறகு பேர் சொல்லும்படி ஒரு வெற்றி வர 1868 வரை ஆனது, ‘ஃப்ளேர் த தே’ (தேநீர்ப் பூ). பதினோரு ஆண்டு.

பதினோரு என்றதும் நினைவு வருகிறது: இரண்டு மிராக்கிளும் ஆளுக்குப் பதினோரு காட்சிதான் ஓடின. தேநீர்ப் பூவுக்குக் காத்திருந்ததும் பதினோரு ஆண்டு. ஜோசியம் பார்க்கிறவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

மார்ச் 2

ஜோசியம் என்று நான் விளையாட்டாகச் சொன்னதற்கு ஒருவர் கோபித்துக்கொண்டார். அவருக்காக இன்னொன்று தருகிறேன், இது விளையாட்டல்ல. லெகோக் பிறந்த நாள் ஜூன் 3. பிஸே திருமணம் செய்தது 1869 ஜூன் 3. மணமகள் அந்த நடுவர் அலெவியின் மகள் ழெனவியேவ். பிஸே இறந்தது 1875 ஜூன் 3, வயது 36. அன்று லெகோக்குக்கு 43 முடிந்தது. லெகோக் 1918 அக்டோபர் 24 வரை வாழ்ந்தார். மறுநாள் பிஸே உயிரோடு இருந்திருந்தால் அவருக்கு எண்பது முடிந்திருக்கும்.

இதற்கு அர்த்தம் ஏதும் இல்லை. ஆனால் இரவு பன்னிரண்டு மணிக்குக் கண்டுபிடித்துவிட்டு யாரிடமும் சொல்லாமல் தூங்க முடியவில்லை.

மார்ச் 3

அலெவியின் மகளைக் கட்டினார் என்றதும் “பார்த்தீர்களா!” என்று மூன்று பேர். பொறுங்கள். போட்டி நடந்தது 1857, திருமணம் 1869. பன்னிரண்டு ஆண்டு முன்கூட்டியே மருமகனுக்குப் பரிசு ஏற்பாடு செய்ய அந்த ஆசிரியர் டாக்டர் மிராக்கிளாக இருக்க வேண்டும். தவிர, திருமணத்தின்போது அலெவி உயிரோடு இல்லை, 1862லேயே போய்விட்டார்.

மார்ச் 3, இரவு

பேச்சோடு பேச்சாக: இன்றைக்குத்தான் பிஸேயின் புகழ்பெற்ற ஆபரா ‘கார்மென்’ முதல் காட்சி நடந்த நாள், 1875 மார்ச் 3. அதற்கு மெய்யாக் என்பவரோடு சேர்ந்து பாட்டு எழுதியவர் யார்? லுதோவிக் அலெவி. ஆம்லெட்டுக்கு வரி எழுதிய அதே ஆள். பிஸேயின் தொடக்கத்திலும் முடிவிலும் அவர்தான் நிற்கிறார்.

‘கார்மென்’ இரண்டாம் அங்கத்தில் கடத்தல்காரர்களும் பெண்களும் பாடும் ஐவர் பாட்டைப் போட்டுக் கேளுங்கள். அந்த வேகம், ஒருவர் வார்த்தையை ஒருவர் பறிப்பது, யாரும் மூச்சு விடாமல் எல்லோரும் மூச்சு விடுவது. அது பெரிய ஆபராவில் கற்றதல்ல. சின்ன மேடையில், நாலு பேருக்கு மேல் நிற்க அனுமதி இல்லாத இடத்தில் கற்றது.

மார்ச் 5

“அனுமதி இல்லாத” என்றால் என்ன என்று கேட்டிருக்கிறார்கள்.

அந்தக் காலப் பாரிஸில் நினைத்தவர் நினைத்த நாடகத்தைப் போட முடியாது. எந்த அரங்கில் எந்த வகை, எத்தனை அங்கம், மேடையில் எத்தனை பேர் என்று அரசு உரிமத்தில் எழுதிக் கொடுப்பார்கள். பெரிய அரங்குகளுக்குப் போட்டி வந்துவிடக்கூடாது என்பதே நோக்கம். ஒஃபன்பாக் 1855 ஜூலையில் ஷான்-எலிஸே பக்கம் சின்னக் கொட்டகையில் தொடங்கியபோது, பேசிப் பாடும் பாத்திரங்கள் மூன்றுக்கு மேல் கூடாது, ஓர் அங்கத்துக்கு மேல் கூடாது. அந்த ஆண்டு டிசம்பரில் ஷுவாஸேல் அரங்குக்கு மாறிய பிறகு நாலு.

இதைச் சுற்றிப் போக அவர்கள் செய்த தந்திரம் ஒன்று. 1857 பிப்ரவரியில், மிராக்கிளுக்கு இரண்டு மாதம் முன்பு, ‘க்ரோக்ஃபேர்’ என்ற ஓரங்க நாடகம். கதைக்கு ஐந்து பாத்திரம் வேண்டும். ஐந்தாமவனுக்கு நாக்கை வெட்டிவிட்டார்கள்! போரில் நாக்கிழந்த வீரன், சொல்ல வேண்டியதை அட்டையில் எழுதிக் காட்டுவான். பேசவில்லை அல்லவா, உரிமம் மீறப்படவில்லை. 1858இல் அந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது, ‘நரகத்தில் ஓர்ஃபே’ வந்தது, ஒஃபன்பாக் பெரிய மேடையை நிரப்பினார். மிச்சம் தெரிந்த கதை.

எனக்கு அந்த நாக்கில்லாத வீரன் மேல் தனிப் பிரியம். அலுவலகக் கூட்டங்களில் அவனை நினைத்துக்கொள்வேன்.

மார்ச் 11

வேலை விஷயமாக ஷுவாஸேல் பாதை வழியாகப் போனேன். கண்ணாடிக் கூரை போட்ட நீளக் கடைத்தெரு. அரங்கு இப்போதும் நடக்கிறது, முன்வாசல் மோன்ஸிஞி தெருவில். மழை நாள். கூரையில் தண்ணீர் விழும் சத்தம், கீழே நூடுல்ஸ் கடையில் வரிசை. ஊன்றுகோலோடு ஓர் இளைஞர் இந்த வழியாக ஒத்திகைக்குப் போய்க்கொண்டிருப்பதை நினைத்துப் பார்த்தேன். ஈரத் தரை வழுக்குகிறது, நானே ஒரு தடவை சறுக்கினேன்.

முன்பு இங்கே அந்தக் காட்சி எனக்கு வந்ததில்லை. எப்போதும் பிஸேதான் வருவார், கண்ணாடியும் சுருள் முடியுமாக.

மார்ச் 19

இப்போது நான் என் முதல் பதிவுக்கே மறுப்பு எழுதப் போகிறேன். கேள்வி கேட்டவர் சிரிக்கட்டும்.

போட்டி எதற்கு வைத்தார்கள்? மேலே நானே எழுதியிருக்கிறேன்: நகைச்சுவை இசைநாடகம் வீங்கிவிட்டது, பழைய லேசைத் திரும்பக் கொண்டுவர வேண்டும் என்று. அப்படியானால் எந்த இசை லேசு என்பதைத்தான் நடுவர்கள் பார்த்திருக்க வேண்டும். எது திறமை, எது ஆழம் என்பதை அல்ல.

லெகோக்கின் வாதமே அதுதான். பிஸேயின் பிரதி மோசமில்லை, ஆனால் கொஞ்சம் கனம், சின்னச் சின்னக் கண்ணிப் பாட்டுகள் அவருக்கு அமையவில்லை, எனக்கு அமைந்தன என்ற பொருளில் அவர் பிற்பாடு எழுதினார். நான் இதைப் பொறாமை என்று படித்துவந்தேன். இப்போது படித்தால் தொழில் தெரிந்தவனின் பேச்சாகக் கேட்கிறது. ஆபரெட்டாவில் உயிர் கண்ணிப் பாட்டில்தான் இருக்கிறது. ஒரு பல்லவி, இரண்டு மூன்று சரணம், வெளியே போகும்போது வண்டிக்காரன் விசிலடிக்க வேண்டும். 1872 டிசம்பரில் பிரஸ்ஸல்ஸில் தொடங்கிப் பாரிஸில் நானூற்றுக்கு மேல் காட்சி ஓடிய ‘மதாம் அங்கோவின் மகள்’ முழுவதும் அதற்குச் சாட்சி. அந்த வித்தையில் லெகோக்கோடு மோத பிஸேயால் முடியாது, மோதவும் இல்லை.

நான் இருபது ஒத்திகை பார்த்தேன் என்று பெருமையடித்தேன். யோசித்துப் பார்க்கிறேன்: காட்சி முடிந்து எல்லோரும் வீட்டுக்குப் போகும்போது முணுமுணுத்தது எது? ஆம்லெட் பாட்டை முணுமுணுக்க முடியாது, அதற்கு நாலு தொண்டை வேண்டும். பஸ்கேன் தன்னை அறிமுகம் செய்துகொள்ளும் பாட்டு? உடை மாற்றும் அறையில் ஒருவர்கூட அதைப் பாடிக் கேட்டதில்லை. பொதெஸ்தாவாக நடித்தவர் காரில் போகும்போது ‘அங்கோ’விலிருந்து எதையோ பாடிக்கொண்டுதான் போனார். பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன், தலையாட்டிக்கொண்டு.

மார்ச் 20

“அப்படியானால் ஆம்லெட் நால்வர் பாட்டு தோல்வியா?” என்று கேட்கிறார்கள்.

ஐயோ, இல்லை. அதுதான் தொல்லையே. கனம்தான் அதன் நகைச்சுவை. ஒரு ஆம்லெட்டுக்கு இவ்வளவு பெரிய பல்லக்கு எதற்கு என்றுதானே சிரிக்கிறோம். லேசாக எழுதியிருந்தால் அந்த இடம் வெறும் சாப்பாட்டுக் காட்சி. அந்த ஓர் இடத்தில் பிஸேயின் குற்றமே குணமாகிவிட்டது. மற்ற இடங்களில் குற்றம் குற்றமாகவே இருக்கிறது, காதல் டூயட் உட்பட. அழகான டூயட். அப்பா வந்துவிடுவார் என்ற பயத்தில் இருக்கும் இரண்டு பேர் அவ்வளவு நேரம் அழகாகப் பாட மாட்டார்கள்.

மார்ச் 20, பத்து நிமிடம் கழித்து

டூயட்டைப் பற்றிச் சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். இப்போதுதான் கேட்டேன். பாடட்டும்.

மார்ச் 27

ஐரிஷ் நாடக ஆசிரியர் ஷெரிடன் விஷயத்தை யாரோ கிளப்பினீர்கள். ஆமாம், கதை பிரெஞ்சுச் சொத்து இல்லை. ஷெரிடனின் ‘புனித பேட்ரிக் தினம்’ என்ற 1775ஆம் ஆண்டுக் குறுநாடகம்தான் மூலம். இராணுவக்காரனை வெறுக்கும் நீதிபதி, மாறுவேடம், நஞ்சு என்ற கடிதம், போலி வைத்தியர், எல்லாம் அங்கேயே இருக்கிறது. ஆனால் நஞ்சு வைத்ததாகச் சொல்லப்படுவது காலைச் சாக்லேட் பானத்தில். அதை ஆம்லெட்டாக மாற்றியது பாரிஸ்காரர்களின் வேலை. மிகச் சரியான மாற்றம். சாக்லேட்டைக் குடித்தால் முடிந்தது, தட்டில் வைத்து நாலு பேர் சுற்றி நின்று பார்க்க முடியாது. மேலும் சாக்லேட்டை யாரும் தப்பாகப் போட முடியாது, ஆம்லெட்டை எல்லோராலும் முடியும்.

ஏப்ரல் 2

செல்வாக்கு பற்றி என் இப்போதைய நிலை என்ன என்று கேட்டவருக்கு: பங்கிட்டது சரி. காரணம் தப்பு. இரண்டு வேறு தொழில்களுக்கு ஒரே பரிசு வைத்துவிட்டார்கள். தையற்காரனையும் சிற்பியையும் ஒரே துணியைக் கொடுத்து உட்கார வைத்தது மாதிரி. ஒஃபன்பாக்குக்குத் தேவைப்பட்டது தையற்காரன், நடுவர்களுக்குப் பிடித்தது சிற்பி. பிஸே ஒஃபன்பாக்கின் நண்பராகக் கடைசி வரை இருந்தார், ஆனால் அதன் பிறகு அவருடைய அரங்குக்கு எதுவும் எழுதவில்லை. லெகோக்கும் ஒஃபன்பாக்கும் ஒருவரையொருவர் சகித்துக்கொள்ளவே இல்லை, ஆனால் 1870களில் ஆபரெட்டாவில் ஒஃபன்பாக்கின் இடத்தைப் பிடித்தவர் லெகோக்தான்.

“காரணம் தப்பு” என்று தீர்ப்பு எழுதும் உரிமை எனக்கு இருக்கிறதா என்றால் இல்லை. நான் இரண்டில் ஒன்றைத்தான் கேட்டிருக்கிறேன். பந்தயத்தில் ஒரு குதிரையை மட்டும் பார்த்துவிட்டு இரண்டு மாதமாக இங்கே கத்திக்கொண்டிருக்கிறேன். ஒருவரும் இதைச் சுட்டிக்காட்டவில்லை, நீங்களும் அதே ஒரு குதிரையைத்தான் பார்த்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஏப்ரல் 8

லெகோக்கின் நாள் இன்று.

பழைய பாடகர் குழுவின் இயக்குநருக்குப் போன் செய்தேன். லெகோக்கின் பிரதியையும் தேடி எடுத்து, முதல் நாள் அவருடையது, இரண்டாம் நாள் பிஸேயுடையது, அதே நாலு பேர், அதே நாற்காலி, அதே ஜன்னல் என்று வைக்கலாமா என்று கேட்டேன். இருபது வினாடி பேசவில்லை. பிறகு, ஒரே வரிகளை இரண்டு மெட்டில் மனப்பாடம் செய்தால் பாடகர்களுக்குப் பைத்தியம் பிடித்துவிடும் என்றார். பொதெஸ்தாவுக்கு ஏற்கெனவே பிடித்துவிட்டது, அவர் சம்மதிப்பார் என்றேன்.

ஏப்ரல் 9

யோசிக்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். அவருடைய ஒரே நிபந்தனை மஞ்சள் கூடாது என்பது. ஒரே ஆம்லெட் இரண்டு நாளுக்குப் போதுமா என்றும் கேட்டார். கேக்காக இருந்தால் போதும், ஆனால் இரண்டாம் நாள் காய்ந்துபோயிருக்கும் என்றேன்.

“அப்படியானால் முதல் நாள் யாருக்கு என்று சீட்டுப் போட வேண்டும்” என்றார்.

வீட்டில் கேக் சுட்டுப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். முதல் தட்டு மேலே கருகிவிட்டது.